மருத்துவர்கள் மட்டும் பார்க்கலாம்

படம் தொடங்கியதுமே ஒருவன் செய்தித்தாள் படிக்கிறான். பெயர் பால் கோர்னர். ஊரறிந்த வயலின் கலைஞன். அவன் கண் போய் நிற்பது தற்கொலைச் செய்திகளின் மேல். யாரோ ஒருவர், அப்புறம் இன்னொருவர். ஒவ்வொரு செய்தியும் காரணம் விளங்கவில்லை என்கிற மாதிரியே முடிகிறது. படித்துக்கொண்டிருப்பவனுக்கு மட்டும் காரணம் விளங்குகிறது. தாளைக் கீழே வைத்துவிட்டு வெறித்துப் பார்க்கிறான். அவன் கண்முன் ஒரு ஊர்வலம் போகிறது. லியோனார்டோ டா வின்சி, சைக்கோவ்ஸ்கி, ஆஸ்கர் வைல்ட், பவேரியாவின் அரசன் லுட்விக் என்று எல்லாக் காலத்து ஆண்களும் நடந்து போகிறார்கள். தலைக்கு மேல் கத்தியாகத் தொங்குவது ஒரு சட்டப் பிரிவின் எண்: 175.

இது 1919இல் பெர்லினில் வெளியான ஊமைப்படம். ஜெர்மன் பெயர் 'ஆண்டர்ஸ் ஆல்ஸ் டீ ஆண்டர்ன்'. மற்றவர்களிலிருந்து மாறுபட்டவன் என்று பொருள். ஆணை நேசிக்கும் ஆணைக் கதாநாயகனாக வைத்து, அவன் மேல் தப்பில்லை, சட்டத்தின் மேல்தான் தப்பு என்று நேருக்கு நேர் சொன்ன முதல் படங்களில் இதற்குத்தான் தலையான இடம்.

அந்தச் செய்தித்தாள் காட்சியை முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம் ஊர்ப் பத்திரிகைகள் எழுதும் ஒரு வரிதான் ஞாபகம் வந்தது. 'தீராத வயிற்று வலியால் மனமுடைந்து.' தமிழில் பேப்பர் படித்து வளர்ந்த யாருக்கும் இந்த வரி தெரியும். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இறந்துபோனார். நன்றாகக் கேரம் ஆடுவார், எங்களையும் சேர்த்துக்கொள்வார். அவருக்குப் பெண் பார்த்து முடிவாகி, பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் பேப்பரில் வயிற்று வலி என்று வந்தது. அவருக்கு வயிற்று வலி இருந்ததாக அவர் வீட்டில்கூட யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெருவில் ஒருவரும் ஏன் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை.

சரி, இப்படி ஒரு படத்தை அந்தக் காலத்தில் எப்படி வெளியிட முடிந்தது? அதற்கு ஒரு பதினெட்டு மாதக் கணக்கு இருக்கிறது.

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்று, பேரரசர் நாட்டை விட்டு ஓடியது 1918 நவம்பரில். ஆட்சியைக் கையில் எடுத்த மக்கள் பிரதிநிதிகள் குழு நவம்பர் 12 அன்று ஒரு பிரகடனம் வெளியிட்டது. எட்டு மணி நேர வேலை, 20 வயதானவர்களுக்கு ஆண் பெண் பேதமில்லாமல் வாக்குரிமை என்று பெரிய பெரிய வாக்குறுதிகளுக்கு நடுவில் ஒரு சின்ன வரி: தணிக்கை இனி இல்லை. அதுவரை எந்தப் படம் ஓடலாம், எது கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது போலீஸ். போர்க்காலத்தில் ராணுவமும் சேர்ந்துகொண்டது. ஒரே நாளில் அதெல்லாம் நின்றுபோனது. திரும்பவும் தணிக்கைக்கு என்று தேசியச் சட்டம் வந்தது 1920 மே 12 அன்று. நாள் பிசகாமல் பதினெட்டு மாதம்.

அந்தப் பதினெட்டு மாதத்தில் நல்லது மட்டும் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 'அறிவூட்டும் படம்' என்று ஒரு வகையே கிளம்பியது. பால்வினை நோய், விபச்சாரம், கருக்கலைப்பு, போதை என்று அதுவரை வாயைத் திறக்கக்கூடாத விஷயங்கள் எல்லாம் திரைக்கு வந்தன. அதில் பாதி அறிவூட்டல் என்கிற போர்வையில் கூட்டம் சேர்த்த படங்கள். 'காம வெறியின் கழுதைப்புலிகள்' என்று ஒரு படத்துக்குப் பெயரே வைத்திருந்தார்கள். அரைகுறை ஆடையைக் காட்டிவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் ஒரு டாக்டரை வரவழைத்து உபதேசம் சொல்ல வைத்தால் வேலை முடிந்தது. இது நமக்கும் பழக்கமான வித்தைதான். எழுபது எண்பதுகளில் 'பாலியல் கல்வி' என்று போஸ்டர் ஒட்டிக் காலைக் காட்சி ஓட்டிய கொட்டகைகளை மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த வகையைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் ஓஸ்வால்ட். வியன்னாவில் பிறந்த யூதர். நாடகக்காரர், படத்தயாரிப்பாளர், வியாபாரம் தெரிந்தவர். போர் நடந்துகொண்டிருக்கும்போதே 1917இல் சிபிலிஸ் நோயைப் பற்றிப் படம் எடுத்தார். தலைப்பு 'ஒளி உண்டாகட்டும்'. போர்முனையிலிருந்து திரும்பும் சிப்பாய்கள் நோயோடு திரும்பிக்கொண்டிருந்ததால் அப்போது அதற்கு அரசாங்கத்தில் எதிர்ப்பில்லை, வரவேற்புதான். படம் நன்றாக ஓடியது. தணிக்கை நின்றதும் விபச்சாரத்தைப் பற்றி ஒன்று எடுத்தார். அடுத்ததாகக் கையில் எடுத்ததுதான் 175ஆம் பிரிவு. அவருக்குப் பணத்தின் மேலும் கண் இருந்திருக்கும், இல்லை என்று வாதாட மாட்டேன். ஆனால் பணம் மட்டும்தான் நோக்கம் என்றால் இந்தப் படம் இப்படி வந்திருக்காது. கூட்டம் சேர்க்க வேண்டுமென்றே சொருகிய காட்சி என்று இதில் எதையும் காட்ட முடியாது.

கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் டாக்டர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1871இல் ஜெர்மனி ஒன்றானபோது எழுதிய தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு, ஆணும் ஆணும் உறவு கொண்டால் சிறை என்றது. பெண்களைப் பற்றி அதில் பேச்சில்லை. ஹிர்ஷ்ஃபெல்ட் 1897இல் பெர்லினில் சில நண்பர்களோடு சேர்ந்து இந்தப் பிரிவை ஒழிப்பதற்கென்றே ஒரு குழுவை ஆரம்பித்தார். உலகிலேயே இப்படி ஒரு நோக்கத்துக்காக முதலில் உருவான அமைப்பு என்று அதைச் சொல்வார்கள். நாடாளுமன்றத்துக்கு மனு எழுதி வீடுவீடாக அலையாத குறையாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஐன்ஸ்டைன், தாமஸ் மான் போன்றவர்கள்கூடக் கையெழுத்துப் போட்டார்கள். சோஷலிஸ்ட் தலைவர் ஆகஸ்ட் பேபல் 1898இலேயே சபையில் எழுந்து இதைப் பற்றிப் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. ஹிர்ஷ்ஃபெல்டும் அதே ஈர்ப்பு உள்ளவர்தான். நோயாளிகளாக, நண்பர்களாகத் தன்னிடம் வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்தவர். 1919 ஜூலையில் அவருடைய பாலியல் ஆய்வு நிலையம் பெர்லினில் திறக்கப்பட்டது. படம் வெளியானது அதற்கு ஒரு மாதத்துக்கு முந்தி, மே மாதக் கடைசியில். இருபது வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்குத் திடீரென்று ஒரு வெள்ளித்திரை கிடைத்தது. அவர் அதை விடவில்லை.

கதை எளிமையானது. வயலின் கலைஞன் பாலிடம் குர்ட் என்ற இளைஞன் பாடம் கற்றுக்கொள்ள வருகிறான். இருவருக்கும் இடையில் நேசம் வளர்கிறது. இருவர் வீட்டிலும் கவலை. பால் தன் பெற்றோரை ஒரு டாக்டரிடம் அனுப்புகிறான். அந்த டாக்டராக வருபவர் ஹிர்ஷ்ஃபெல்ட். குண்டான உடம்பு, கண்ணாடி, பெரிய மீசை. நடிக்கத் தெரியாத மனிதர், நடிக்க முயலவும் இல்லை. உங்கள் மகனுக்கு இருப்பது நோயும் இல்லை, குற்றமும் இல்லை, இயற்கையில் இப்படியும் ஒரு வகை உண்டு என்று அந்தப் பெற்றோரிடம் சொல்கிறார். தன் மருத்துவ அறையில் தினம் தினம் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் காமிராவுக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

பாலும் குர்ட்டும் பூங்காவில் கைகோத்து நடந்து வருகிறார்கள். எதிரே போலெக் என்கிறவன். பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான், அடுத்த நாள் வாசலில் வந்து நிற்கிறான். பணம் கொடு, இல்லையென்றால் போலீஸுக்குப் போவேன். பால் கொடுக்கிறான். திரும்ப வருகிறான். திரும்பக் கொடுக்கிறான்.

இந்த இடத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது என்பேன். 175ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு பிழைத்த ஒரு கூட்டமே பெர்லினில் இருந்தது. சட்டம் யாரைச் சிறையில் போட்டதோ அவர்களைவிட, சட்டத்தைக் காட்டிப் பணம் பறிக்கப்பட்டவர்கள் பல மடங்கு. புகார் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்த மாதிரி. ரெய்ன்ஹோல்ட் ஷுன்ட்செல் என்ற நடிகர் போலெக்காக வருகிறார். அவர் மிரட்டும்போது குரலை உயர்த்துகிற உடல்மொழியே இல்லை. சிகரெட்டோடு நாற்காலியில் சொந்த வீடு மாதிரிச் சாய்ந்துகொள்கிறார். மிரட்டுபவன் நிதானமாக இருக்க, வீட்டுக்காரன் தன் வீட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறான்.

ஒரு கட்டத்துக்கு மேல் பால் கொடுக்க மறுக்கிறான். விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. போலெக்குக்கு மூன்று வருடம். பாலுக்கு ஒரு வாரம். நீதிபதிக்கு இரக்கம் இருக்கிறது, சட்டத்தில் இடமில்லை. அதனால் குறைந்தபட்சத் தண்டனை. ஒரு வாரம்தானே என்று நமக்குத் தோன்றும். கச்சேரிகள் ரத்தாகின்றன, தெரிந்தவர்கள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். மானத்தோடு முடித்துக்கொள்ள ஒரே வழிதான் இருக்கிறது என்று சொல்வது அவன் வீட்டாரே. பால் விஷம் குடித்து இறக்கிறான். அவன் உடல் மேல் விழுந்து அழும் குர்ட், தானும் சாகிறேன் என்கிறான். அப்போது டாக்டர் அவனைப் பிடித்து நிறுத்தி, நீ செத்துப்போவதால் அவனுக்கு எந்த மரியாதையும் இல்லை, உயிரோடு இருந்து இந்தச் சட்டத்தை மாற்றப் பாடுபடு என்கிறார்.

பாலாக நடித்தவர் கான்ராட் ஃபைட். அப்போது வயது 26. மெலிந்த முகம், நீளமான விரல்கள், எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். அடுத்த வருடம் 'டாக்டர் கலிகாரி' படத்தில் தூக்கத்தில் நடக்கும் கொலைகாரனாக வந்து உலகம் முழுக்கப் பிரபலமானவர் இவர்தான். உங்களில் பலர் இவரை வேறு வேடத்தில் பார்த்திருப்பீர்கள்: 'காசாபிளாங்கா'வில் வரும் நாஜி அதிகாரி. நாஜிகள் வந்ததும் யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறிய மனிதர், கடைசியில் நாஜியாக நடித்தே பிழைக்க வேண்டியிருந்தது. இந்தப் பழைய படத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் அதையெல்லாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

படத்தில் குறைகளும் உண்டு. முதல் தடவை எனக்குக் கோபமே வந்தது. நாயகன் பணக்காரன், கலைஞன், கண்ணியவான், அவன் ஒரு தப்பும் செய்வதில்லை. காதலர்கள் கையைத் தாண்டித் தொட்டுக்கொள்வதே அபூர்வம். கெட்டவன் மட்டும் ஏழை. நல்லவனாக இருப்பதற்குக் கூலியாக அவன் செத்தும் தீர வேண்டும். இரக்கம் வேண்டுமானால் இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று இருந்தது. இரண்டாம் தடவை பார்த்தபோது கொஞ்சம் புரிந்தது. இது காதல் கதையாக எடுத்த படம் இல்லை, வழக்கறிஞர் எழுதிய வாதம் மாதிரி எடுத்தது. எதிர்த்தரப்பு நுழைய ஒரு சந்துகூட விடாமல் அடைத்திருக்கிறார்கள். பால் சின்ன வயதில் விடுதிப் பள்ளியிலிருந்து விரட்டப்படுவதும், பிறகு ஒரு மனோவசியக்காரரிடம் போய் 'குணமாக' முயல்வதும் அந்த வாதத்தின் பகுதிகள்தான். மனோவசியம் தோற்றுப்போகிறது.

அந்த மனோவசியக் காட்சியைப் பார்க்கும்போது 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நினைத்துக்கொள்வேன். தன்பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை கொடுக்கக்கூடாது, கொடுத்தால் நடவடிக்கை வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். தனக்கே இந்த விஷயத்தில் முன்முடிவுகள் இருப்பதை ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதுமுன் ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் திரையில் சொன்னது சென்னை கோர்ட்டில் ஏற 102 வருடம் ஆனது.

படம் வெளியானதும் கூட்டம் வந்தது. கூடவே கலகமும் வந்தது. சில ஊர்களில் காட்சிக்கு நடுவில் கூச்சல் போட்டு நிறுத்தினார்கள். மியூனிக் மாதிரி சில நகரங்களில் ஓட விடவே இல்லை. இயக்குநர் யூதர், டாக்டர் யூதர் என்பதே எதிர்த்தவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஜெர்மன் இளைஞர்களை யூதர்கள் கெடுக்கிறார்கள் என்று பேசினார்கள். 1920 அக்டோபரில் மியூனிக்கில் பேசிவிட்டு வெளியே வந்த ஹிர்ஷ்ஃபெல்டை ஒரு கும்பல் தெருவில் போட்டு அடித்தது. இறந்துவிட்டார் என்று செய்திகூட வந்தது. மருத்துவமனைப் படுக்கையில் தன் மரணச் செய்தியைத் தானே படித்தார்.

தணிக்கைச் சட்டம் வந்தது இந்தச் சூழலில்தான். புதிய குடியரசின் அரசியல் சாசனம் தணிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டு, சினிமாவுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு வைத்திருந்தது. அந்த வழியில் 1920 மே மாதம் சட்டம் நுழைந்தது. பெர்லினிலும் மியூனிக்கிலும் பரிசோதனை அலுவலகங்கள், மேல்முறையீட்டுக்குப் பெர்லினில் ஒன்று. சட்டத்தில் ஒரு நல்ல வரியும் உண்டு: ஒரு படத்தின் அரசியல், சமூக, மத, நெறிக் கருத்துக்காக மட்டும் அதை மறுக்கக்கூடாது. காகிதத்தில் நல்ல பாதுகாப்பு. கருத்தைக் காரணமாகச் சொல்ல முடியாவிட்டால் என்ன, 'விளைவு' என்று சொல்லலாமே. அதைத்தான் செய்தார்கள்.

படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மூன்று மனநல மருத்துவர்களைக் கூப்பிட்டார்கள். எமில் கிரேப்லின், ஆல்பர்ட் மோல், ஸீக்ஃப்ரீட் பிளாட்செக். மூன்று பேருமே ஹிர்ஷ்ஃபெல்டோடு கருத்தில் மோதியவர்கள். படம் ஒருபக்கமாக இருக்கிறது, இளைஞர்கள் குழம்பிவிடுவார்கள், அந்தப் பக்கம் இழுக்கப்படுவார்கள் என்பது அவர்கள் கருத்து. 1920 அக்டோபரில் தடை வந்தது. முழுத் தடை இல்லை. மருத்துவர்களும் மருத்துவ வட்டாரத்தினரும் மருத்துவ நிறுவனங்களில் பார்க்கலாம். மற்றவர்கள் பார்க்கக்கூடாது.

என்னால் தாண்டிப் போக முடியாத இடம் இது. படத்தைக் கொளுத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. செய்தித்தாளில் காரணமில்லாத சாவுகளைப் படித்துக்கொண்டு, அடுத்தது நாம்தானோ என்று அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்காக எடுத்த படம் அது. நீ ஒருவன் மட்டும் இல்லை, உன்னிடம் பணம் பறிப்பவன்தான் குற்றவாளி, செத்துப்போகாதே என்று அவனிடம் சொல்ல எடுத்தது. அவன் மட்டும் பார்க்க முடியாது. அவனை நோயாளியாக வைத்துப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம்.

நம் தணிக்கை வாரியத்திலும் இப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? யு, யுஏ, ஏ எல்லோருக்கும் தெரியும். நான்காவதாக 'எஸ்' என்று ஒன்று 1983இல் வந்தது. மருத்துவர்கள், விஞ்ஞானிகள் மாதிரி குறிப்பிட்ட துறையினர் மட்டும் பார்க்க. நம் பக்கத்துத் தணிக்கைக்கும் அதே வயதுதான். வெள்ளைக்காரர்கள் 1918இல் போட்ட சினிமாச் சட்டத்தின்படி சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய நகரங்களில் வாரியங்கள் அமைந்தது 1920இல். ஜெர்மனி கதவைச் சாத்திய அதே வருடம். அமெரிக்காவில் 1915இலேயே உச்ச நீதிமன்றம் சினிமா வெறும் வியாபாரம், அதற்குப் பேச்சுரிமை கிடையாது என்று சொல்லியாகிவிட்டது. அதை மாற்ற அவர்களுக்கு 1952 வரை ஆனது. நமக்கு ஜெர்மனிக்குக் கிடைத்த மாதிரி ஒரு பதினெட்டு மாதம் எந்தக் காலத்திலும் கிடைக்கவில்லை.

ஹிர்ஷ்ஃபெல்ட் அதோடு விடவில்லை. 1927இல் 'காதலின் சட்டங்கள்' என்று ஒரு அறிவியல் படம் எடுத்து, பழைய படத்தைச் சுருக்கி அதற்குள் ஒரு பகுதியாக வைத்தார். தணிக்கை அதையும் விடவில்லை. ஆனால் அந்தச் சுருக்கத்தின் ஒரு பிரதி எப்படியோ கிழக்கே சோவியத் நாட்டுக்குப் போய்விட்டது. எழுத்து அட்டைகள் உக்ரேனிய மொழியில். மற்ற பிரதிகள் எல்லாம் போன பிறகு மிஞ்சியது அதுதான். அது மட்டும் போயிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். இன்று நாம் பார்ப்பது அந்தத் துண்டை வைத்து, இல்லாத இடங்களில் நிழற்படங்களையும் விளக்க வரிகளையும் சேர்த்து ஒட்டியது. மொத்தம் ஐம்பது நிமிடம் தேறும். ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று அசையாத ஒரு போட்டோவாக நின்றுவிடும். கீழே இரண்டு வரி இருக்கும். பழைய ஆல்பத்தில் போட்டோ உரிந்துபோன இடத்தைப் பாட்டி கை வைத்துக் காட்டி, இங்கே உன் பெரியப்பா இருந்தார் என்று சொல்வாளே, அந்த மாதிரி.

மீதிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1929இல் நாடாளுமன்றக் குழு ஒன்று 175ஐ நீக்கலாம் என்று வாக்களித்தது. சட்டமாவதற்குள் நாஜிகள் வந்தார்கள். 1933 மே 6 அன்று ஹிர்ஷ்ஃபெல்டின் நிலையத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அங்கிருந்த புத்தகங்கள் பெர்லின் சதுக்கத்தில் எரிந்தன. அவர் அப்போது நாட்டில் இல்லை. 1930இல் தொடங்கிய உலகப் பயணத்தில் 1931இல் இந்தியாவுக்கும் வந்து போனார். திரும்பி ஜெர்மனிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தன் நூலகம் எரிவதைப் பாரிஸில் ஒரு சினிமாக் கொட்டகையில், செய்திப்படத்தில் பார்த்தார். 1935இல் தன் 67ஆம் பிறந்தநாளன்று பிரான்ஸின் நீஸ் நகரத்தில் இறந்தார். அதே வருடம் நாஜிகள் 175ஆம் பிரிவை இன்னும் இறுக்கினார்கள். நாஜி ஆட்சியில் அந்தப் பிரிவின் கீழ் தண்டனை பெற்றவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். போர் முடிந்து நாஜிகள் போன பிறகும் மேற்கு ஜெர்மனி 1969 வரை அவர்கள் எழுதிய வாசகத்தையே வைத்திருந்தது. பிரிவு அடியோடு நீங்கியது 1994இல்.

படத்தின் கடைசிக் காட்சியில் சட்டப் புத்தகம் விரிந்திருக்கும். ஒரு கை தூரிகையோடு வந்து 175ஆம் பிரிவை அடித்துவிடும். அந்தக் கைக்கு 75 வருடம் பிடித்தது.

போன வருடம் இந்தப் படத்தை வீட்டில் சிலரோடு சேர்ந்து பார்த்தேன். டிவியில் மடிக்கணினியை மாட்டி, ஆங்கில வரிகளை நான் தமிழில் வாசிக்க, ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். நண்பர் ஒருவர் தன்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பியையும் கூட்டி வந்திருந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். செல்போன் ரிப்பேர் செய்கிறவர். வந்ததிலிருந்து யாரோடும் பேசவில்லை, சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூங்காக் காட்சி வந்ததும், "அண்ணா, அதை மறுபடி போடுங்க" என்றார். போட்டேன். பாலும் குர்ட்டும் நடந்து வருகிறார்கள், போலெக் பார்க்கிறான். "இன்னொரு தடவை." போட்டேன்.

படம் முடிந்து எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அந்த ஆள் பார்க்கிறான் பாருங்க, அப்படியேதான் பார்ப்பாங்க" என்றார். ஒரு செயலியில் பழக்கமான ஒருவன், நேரில் வரச் சொல்லி, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து போனைப் பிடுங்கியதைச் சொன்னார். வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்றார்களாம். நம் ஊர்த் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டதே, போலீஸுக்குப் போயிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "ரெண்டு தடவை கொடுத்தேன் அண்ணா. மூணாவது தடவை நம்பரை மாத்திட்டேன்."

அப்புறம் அவர் கேட்டது ஒன்றுதான். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் யார் பார்த்தார்கள்? நான் பதினெட்டு மாதத்தையும், மூன்று டாக்டர்களையும், மருத்துவர்கள் மட்டும் பார்க்கலாம் என்ற உத்தரவையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பஜ்ஜியில் கை வைக்கவே இல்லை.

கிளம்பும்போது, "லிங்க் இருந்தா அனுப்புங்க" என்றார். எல்லோரும் போன பிறகு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, இரவு பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினேன். உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது.